இலங்கை மலையகத்தில் முயற்சியாண்மை கற்பிக்க வரும் புதிய விரிவுரையாளருக்கு

விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதிலேயே முயற்சியாண்மைப் பாடம், அதாவது சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்துவது பற்றிய பாடம், பலருடைய கைக்கு வந்துவிடுகிறது. முகாமைத்துவம் படித்தவர், விவசாயம் படித்தவர், கணினி படித்தவர் என்று யாரிடமும் இதைக் கொடுப்பார்கள். பாடத்திட்டத்தைத் திறந்தால் வரைவிலக்கணம், முயற்சியாளரின் பண்புகள், கோட்பாடுகள், கடைசி மூன்று வாரத்தில் ஒரு வணிகத் திட்டம் என்று வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் போனால் மாணவர்கள் பரீட்சையை நன்றாகவே எழுதுவார்கள். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு பொருளைக் கொடுத்துக் காசு வாங்கிய அனுபவம் அரையாண்டு முடியும்போது அவர்களில் ஒருவருக்கும் இருக்காது.

அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. மூன்றாம் வாரத்துக்குள் எல்லாக் குழுவும் எதையாவது விற்றிருக்க வேண்டும். கோட்பாடு அதற்குப் பின்னால் வரட்டும். ஒரு மாணவர் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் இந்தப் பாடத்துக்காக ஒரு ரூபாகூடப் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தாலும் சரி, பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தாலும் சரி, உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் மாலை வகுப்பு எடுத்தாலும் சரி, இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன்னால் இருப்பவர்கள் யார்

முதல் வகுப்புக்கு முன்பே மாணவர்களின் ஊர்ப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை, லுணுகலை என்று தோட்டப்புறங்களிலிருந்து சிலர் வந்திருப்பார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, குருநாகல், மாத்தறை என்று வெளியிலிருந்தும் பலர் இருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரியான துணிச்சலோடு வரவில்லை.

தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையின் வீட்டில் அப்பாவோ அம்மாவோ நாள் சம்பளத்துக்குப் போகிறவர். லயத்து வீட்டுக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அது நிற்கும் நிலத்துக்கும் பெரும்பாலும் உறுதிப் பத்திரம் கிடையாது. வங்கிக்குப் பிணையாகக் காட்ட எதுவும் இல்லை. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்பார், சித்தி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்வார். குடும்பத்தில் முதலாவதாகக் கம்பஸ் வந்த இந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் நியமனமோ அரசாங்க வேலையோ கிடைக்க வேண்டும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். அந்த எதிர்பார்ப்பைக் குறைவாகப் பேசாதீர்கள். மாதச் சம்பளம் என்பது அந்த வீட்டுக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு. “துணிந்து இறங்குங்கள், தோற்றால் எழும்பலாம்” என்று மேடையில் சொல்வது சுலபம். தோற்றால் எழும்ப உதவும் மாமாவும் சொத்தும் எல்லோருக்கும் இல்லை.

அதே நேரம் இந்தப் பிள்ளைகளுக்கு வியாபாரம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். சீட்டுப் பிடிக்கும் அம்மாவிடமிருந்து வட்டியும் நம்பிக்கையும் பற்றிப் பார்த்தே கற்றிருப்பார்கள். கடைக்காரரின் கடன் கொப்பி எப்படி நிரம்புகிறது, சம்பள நாளில் எப்படிக் குறைகிறது என்று தெரிந்திருக்கும். சம்பள நாளில் தோட்டத்துச் சந்தியில் திடீரென்று முளைக்கும் துணிக்கடைகள், தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் டவுனில் ஏறும் விலை, கொழுந்து நிறுக்கும்போது கழிக்கப்படும் கிலோ, காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் பால் என்று இவர்கள் பார்த்து வளர்ந்தவை எல்லாமே இந்தப் பாடத்தின் அத்தியாயங்கள். அவற்றைப் பாடமாக அவர்களிடம் யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் ஒரு தாள் கொடுத்து, “உங்களுக்குத் தெரிந்த ஒருவர் எப்படிப் பணம் சம்பாதிக்கிறார், எந்த நாளில் கைக்கு வருகிறது, எதற்குப் போகிறது” என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தெரிந்த ஒருவர் என்றே கேளுங்கள், சொந்த வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். யாரையும் சத்தமாக வாசிக்கவும் சொல்லாதீர்கள். வீட்டு வறுமையைச் சபையில் வைக்க எந்தப் பாடத்துக்கும் உரிமை இல்லை. தாள்களை நீங்கள் மட்டும் வாசித்து, பெயர் சொல்லாமல் இரண்டு மூன்றை அடுத்த வகுப்பில் எடுத்துப் பேசினால் போதும்.

கையில் இருப்பதிலிருந்து தொடங்குதல்

கோட்பாடு ஒன்று மட்டும் ஆரம்பத்திலேயே தேவைப்படும். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் கற்பிக்கும் சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், பெரிய நிறுவனங்களை உருவாக்கிய 27 பேரிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, அவர்கள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவைத்தார். 2001இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. அனுபவசாலிகள் முதலில் இலக்கை வைத்துக்கொண்டு அதற்குப் பணம் தேடி ஓடுவதில்லை என்பது அதில் தெரிந்தது. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்ற மூன்றிலிருந்தும் தொடங்குகிறார்கள். எவ்வளவு இலாபம் வரும் என்று கணக்கிடுவதற்குப் பதிலாக, எவ்வளவு போனால் தாங்குவேன் என்று முதலில் கேட்டுக்கொள்கிறார்கள்.

மலையக மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அணுகுமுறையை நான் காணவில்லை. முதலீடு இல்லாத இடத்தில் முதலீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கினால், பாதி வகுப்பு தன்னை வெளியே நிறுத்திக்கொள்ளும். கையிலிருப்பதிலிருந்து தொடங்கினால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். ஒருவருக்குத் தமிழும் சிங்களமும் சரளமாக வரும். இன்னொருவரின் மாமா பண்டாரவளையில் பஸ் நடத்துநர். மற்றொருவர் தையல் தெரிந்தவர். இவற்றை மூன்று பத்தியாக ஒரு தாளில் எழுதவைத்து, நால்வர் குழுவாகச் சேர்ந்த பிறகு நான்கு தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தொழில் செய்யலாம் என்ற பேச்சு அப்போது தானாகவே ஆரம்பிக்கும்.

மாணவர்களைக் குழுக்களாக நீங்களே பிரித்துவிடுங்கள். விட்டுவிட்டால் தமிழர் தமிழரோடும் சிங்களவர் சிங்களவரோடும் ஒரே ஊர்க்காரர் ஒன்றாகவும் சேர்ந்துவிடுவார்கள். கண்டி டவுனிலோ வெலிமடைச் சந்தையிலோ விற்கப்போகும் குழுவுக்கு இரண்டு மொழியும் வேண்டும். கலப்புக் குழு அவர்களுக்கு ஒரு நேரடி இலாபம் என்பதை முதல் விற்பனையிலேயே உணர்வார்கள்.

500 ரூபாப் பயிற்சி

ஸ்டான்ஃபோர்டில் டீனா சீலிக் என்ற பேராசிரியை தன் மாணவர் குழுக்களுக்கு ஐந்து டொலர் வைத்த உறையைக் கொடுத்து, அதைத் திறந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று கேட்ட பயிற்சி உலகம் முழுவதும் பரவியது. அதிகம் சம்பாதித்த குழு அந்த ஐந்து டொலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட மூன்று நிமிடப் பேச்சு நேரத்தை, அந்த மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

இதை நம் இடத்துக்கு ஏற்றபடி செய்யலாம். இரண்டாம் வார முடிவில் குழுவுக்கு 500 ரூபா, ஒரு வாரம் அவகாசம். பணத்தைத் துறையிடமோ மாணவர் செயற்பாட்டு நிதியிலிருந்தோ எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். மாணவர் கையிலிருந்து போடச் சொல்லாதீர்கள். மகாபொல என்ற அரச உதவித்தொகையில் மாதத்தை ஓட்டுகிறவருக்கு அது சாப்பாட்டுக் காசு. நிதி கிடைக்காவிட்டால் பயிற்சியைப் பூச்சியம் ரூபாவில் நடத்துங்கள், சேவையை மட்டும் விற்கட்டும்.

விதிகளை எழுதியே கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கக் கூடாது. உறவினருக்கும் வகுப்புத் தோழருக்கும் விற்கக் கூடாது. நன்கொடை டிக்கெட், லொத்தர் எதுவும் கூடாது. முதல் பணத்தை மட்டும் திருப்பித் தர வேண்டும், மீதி அவர்களுடையது. வெளியே போகும்போது இருவராகப் போக வேண்டும், பகலில் போக வேண்டும், தெரியாத வீட்டுக்குள் போகக் கூடாது, எங்கே போகிறோம் என்று குழுவுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பப் பெற்றோர் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இந்த ஒழுங்கு இருந்தால் நீங்களும் அவர்களுக்குப் பதில் சொல்லலாம்.

என்ன விற்கலாம் என்று கேட்பார்கள். சொல்லிவிடாதீர்கள். கண்ணைத் திறக்க ஒன்றிரண்டு உதாரணம் போதும். குளிர்ந்த மாலையில் விடுதி வாசலில் இஞ்சித் தேநீரும் அவித்த கடலையும் போகும். தமிழில் தட்டச்சு செய்து தருவது, வேலைக்கு விண்ணப்பிக்கும் அக்காமார் அண்ணன்மாருக்குச் சுயவிவரக் கோவை தயாரித்துக் கொடுப்பது, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி நடத்துவது எல்லாம் பணமில்லாமலே தொடங்கக்கூடியவை.

இந்த வாரத்தில் பெரும்பாலானோருக்குத் தடையாக இருக்கப்போவது கூச்சம். காசு இரண்டாவதுதான். “நான் கம்பஸில் படிக்கிறேன், தெருவில் நின்று விற்பதா” என்ற எண்ணம், தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் உண்டு, டவுன் பிள்ளைக்கும் உண்டு. அதனால் அடுத்த வகுப்பை முழுவதுமாக இதற்கே ஒதுக்குங்கள். யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்று தொடங்க வேண்டாம். “வேண்டாம் என்று சொன்னவர் யார், எப்படிச் சொன்னார், நீங்கள் அதற்கு என்ன செய்தீர்கள்” என்று ஒவ்வொரு குழுவிடமும் கேளுங்கள். ஒருவர் சொல்லத் தொடங்கினால் எல்லோரும் சொல்வார்கள். மறுக்கப்படுவது எல்லோருக்கும் நடக்கும் சாதாரண விஷயம் என்று அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். அப்புறம் விலை, வாடிக்கையாளர், போட்டி என்ற சொற்களை நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது அவர்களிடம் அதற்கு முகமும் இடமும் இருக்கும்.

வாடிக்கையாளரிடம் கேட்கும் விதம்

மூன்று முதல் ஏழாம் வாரம் வரை இதற்குக் கொடுங்கள். பாடத்தின் மிகப் பெறுமதியான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். நம் ஆட்கள் நல்லவர்கள். படிக்கிற பிள்ளை வந்து கேட்டால் மனம் நோகப் பதில் சொல்ல மாட்டார்கள். அதுதான் சிக்கல்.

“அக்கா, நாங்க வீட்டுல செஞ்ச ஸ்ட்ரோபெரி ஜாம் கொண்டு வந்தா வாங்குவீங்களா?”

“வாங்குவோமே தங்கச்சி, கொண்டு வாங்க.”

இந்தப் பதிலை நம்பி நாற்பது போத்தல் செய்த குழுவுக்கு, நாற்பது போத்தலும் விடுதி அறையில் இருக்கும். எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். நடந்து முடிந்ததைக் கேட்டால் உண்மை வரும். அதே கடைக்கார அக்காவிடம் இப்படிக் கேட்கப் பழக்குங்கள்: “இப்ப என்ன ஜாம் வச்சிருக்கீங்க அக்கா? போன மாசம் எத்தனை போத்தல் போச்சு? கம்பனிக்காரங்களுக்குக் காசு எப்ப குடுக்கிறீங்க, எடுக்கும்போதா வித்த பிறகா? திகதி முடிஞ்சா யாரு திருப்பி எடுக்கிறாங்க?” மாதம் இரண்டு போத்தல்தான் போகிறது, ஏஜென்ட் ஒரு மாதக் கடனில் தருகிறார், பழையதை அவரே எடுத்துக்கொள்கிறார் என்று பதில் வந்தால், இந்தக் கடையில் ஜாம் போடுவதற்கு உங்கள் குழுவால் ஒரு மாதக் கடனைத் தாங்க முடியுமா என்ற உண்மையான கேள்வி முன்னால் வந்து நிற்கும். அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்த குழு, ஜாம் விற்காவிட்டாலும் நல்ல புள்ளிக்கு உரியது.

அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றம் 2011இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் ஒன்றில், ஆய்வாளர் குழுக்கள் ஏழு வாரத்தில் சுமார் நூறு பேரோடு பேச வேண்டும். மலைப்பாதையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து போய்வரும் நம் மாணவர்களுக்கு அது நடக்காது. ஐந்து வாரத்தில் இருபது பேர் போதும், ஆனால் இருபதும் நேரில் இருக்க வேண்டும். கூகுள் படிவத்தை வட்ஸ்அப் குழுக்களில் போட்டு இருநூறு பதில் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பேச்சை, வாடிக்கையாளர் பேசிய மொழியிலேயே, அவர் சொன்ன சொல்லிலேயே அன்றைக்கே கொப்பியில் எழுத வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் கேட்கப்பட்டாலும் குறிப்பு தமிழிலோ சிங்களத்திலோ இருக்கட்டும். வகுப்பில் குழுவாகப் பேசும்போதும் அப்படியே விடுங்கள். ஆங்கிலம் தடுமாறும் ஒரு பிள்ளை, தமிழில் பேசவிட்டால் சந்தையைப் பற்றி வகுப்பிலேயே தெளிவாகப் பேசும் ஆளாக இருக்கலாம். ஆங்கில எழுத்து வேலையைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

கணக்குக் கொப்பி

எட்டாம் வாரம் கணக்கு. எக்ஸெல் பிறகு வரலாம், முதலில் ஒரு கொப்பியும் பேனையும் போதும். ஒரு உதாரணத்தைச் சேர்ந்து செய்து பாருங்கள். விலைகள் விளக்கத்துக்காகப் போட்டவைதான், அன்றைய விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இருவர் சேர்ந்து 30 பக்கெட் மில்க் டொபி செய்கிறார்கள். சீனி, டின்பால் முதலானவை 900 ரூபா, எரிவாயு 150, பையும் ஸ்டிக்கரும் 150, பஸ் 100. மொத்தம் 1,300. ஒரு பக்கெட் 60 ரூபா வீதம் எல்லாம் விற்றால் 1,800. இலாபம் 500 என்று சந்தோஷமாக எழுதுவார்கள். இப்போது செய்யவும் விற்கவும் இருவருக்கும் சேர்த்து எத்தனை மணி நேரம் போனது என்று கேளுங்கள். நான்கு மணி நேரம் என்றால் மணிக்கு 125 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 169 ரூபா அளவில் வரும். ஐந்து பக்கெட் விற்காமல் கிடந்தால் இலாபம் 200 ஆகி, மணிக்கு 50 ரூபாவுக்கு இறங்கிவிடும்.

இந்த ஒப்பீட்டைச் செய்யும்போது வகுப்பில் ஒரு மாற்றம் தெரியும். தன் உழைப்புக்குக் கூலி போடாமல் இலாபம் சொல்லக் கூடாது என்று ஆயிரம் முறை சொல்வதைவிட இது பதியும். மலையில் நின்று கொழுந்து எடுக்கும் ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்பதும் எல்லா ஊர் மாணவருக்கும் தெரியவரும். அதைத் தெரிந்துகொண்டு பட்டம் வாங்குவது நல்லது. அந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பதை மறக்காமல், மரியாதையோடு பேசுங்கள்.

பிறகு எதை மாற்றலாம் என்று கேளுங்கள். விலையைக் கூட்டலாமா? ஒரே அடுப்பில் இரட்டிப்பாகச் செய்தால் நேரம் எவ்வளவு மிச்சம்? வட்ஸ்அப்பில் முன்கூட்டியே ஓடர் எடுத்து, பாதிக் காசை வாங்கிக்கொண்டு செய்தால் மிஞ்சிப்போவது நிற்குமா? இந்தச் சுற்றில் ஒரு குழு போடும் மொத்தப் பணம் 1,500 ரூபாவைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றின் இலாபத்திலிருந்து அது வருவது இன்னும் நல்லது.

காசு எப்போது வரும் என்பதும் கணக்கின் ஒரு பகுதி. தோட்டத்தை அண்டி விற்றால் சம்பள நாளுக்குப் பின் ஒரு வாரம் நல்ல விற்பனை, மாதக் கடைசியில் எல்லாம் கடன். நுவரெலியாவில் விற்றால் ஏப்ரல் வசந்த காலக் கூட்டம் வேறு கணக்கு. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே மாதத்திலிருந்து தென்மேற்கு மழை பிடித்துக்கொள்ளும், பதுளைப் பக்கத்துக்குப் பெரிய மழை ஆண்டுக் கடைசியில்தான் வரும். குழுவின் காசு ஓட்டத்தை வாரம் வாரமாக எழுதவைத்து, மேலே இந்த நாட்களைக் குறிக்கச் சொல்லுங்கள்.

ஒரு நாள் வெளியே

பஸ் ஒன்றை ஒழுங்கு செய்ய முடிந்தால், மாணவர்களைத் தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போவதைவிட நுவரெலியாவிலோ கெப்பெட்டிபொலவிலோ உள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு, அதாவது மரக்கறி மொத்தச் சந்தைக்கு, கூட்டிப்போங்கள். ஒரு கிலோ கரட்டைப் பின்தொடர்வதுதான் அன்றைய வேலை. தோட்டக்காரருக்கு என்ன விலை கிடைத்தது, தரகு எவ்வளவு, கழுவவும் மூட்டை கட்டவும் எவ்வளவு, லொறிக் கூலி எவ்வளவு, கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடைச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் மொத்த விலை என்ன, கண்டியில் கடைசியில் வாங்கும் அம்மா என்ன கொடுக்கிறார் என்று ஒவ்வொரு குழுவும் ஒரு கட்டத்தைக் கேட்டு வர வேண்டும். இடைத்தரகர் எல்லோரும் கொள்ளைக்காரர் என்ற எண்ணத்தோடு போவார்கள். லொறி, கடன், அழுகிப்போகும் பங்கு, கூப்பிட்டவுடன் வரும் ஆள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, எங்கே விலை நியாயமாக ஏறுகிறது, எங்கே ஏமாற்று என்று பிரித்துப் பேசுவார்கள்.

தேயிலை பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு குழுவாவது சொந்தப் பெயரில் தேயிலைப் பக்கெட் போட விரும்பும். ஆசை நியாயமானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பயிர் இது. அதை உழைத்து வளர்த்த சமூகத்தின் பிள்ளைகள் அதன் வியாபாரத்திலும் இருக்க வேண்டும். ஆனால் பாதையைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தோட்டத்துக் கொழுந்து கம்பனியின் சொத்து. கொழுந்து வாங்குவதிலிருந்து ஏற்றுமதி வரை இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதிகள் உண்டு. சபையின் சிங்க இலச்சினையை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்ட கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்கு மட்டும்தான் போட முடியும். அரையாண்டுக்குள் முடிகிற வேலை இல்லை. ஆர்வமுள்ள குழுவைத் தேயிலை தயாரித்து விற்க விடாமல், எல்ல என்ற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரப் பயணிகளுக்குத் தேநீர் சுவைத்துக் காட்டி விளக்கம் சொல்லும் சேவை போன்ற ஒன்றில் தொடங்கவிடுங்கள். ஊவாத் தேயிலைக்கும் திம்புளைத் தேயிலைக்கும் உள்ள மணத்து வித்தியாசத்தை வீட்டுக் கதையோடு சொல்ல இவர்களைவிட யார் இருக்கிறார்கள்?

பதிவும் அனுமதியும்

வகுப்புப் பயிற்சிக்கு வியாபாரப் பதிவு தேவையில்லை. வளாகத்துக்குள் விற்கத் துறைத்தலைவரின் கடிதம் இருந்தால் பாதுகாப்பு ஊழியரோடு பிரச்சினை வராது. சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக்காரரிடமும் முன்பே பேசிவிடுங்கள். சாப்பாடு விற்கும் குழு பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து என்னென்ன பார்ப்பார் என்று கேட்டு வரட்டும்.

தொடர்ந்து நடத்த விரும்புகிறவருக்கு: தனி ஆளின் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் கேட்பார்கள். கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிப் பதிவாளரிடம், அது இணையத்திலேயே நடக்கும். பெயரும் இலச்சினையும் காக்க வேண்டுமானால் தேசிய புலமைச் சொத்து அலுவலகம். லயத்து முகவரியில் பதியப் போனால் இடத்துக்கான ஆவணம் கேட்கும்போது இடறும், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டிவரலாம். இதை மாணவர் தனியாக அலைந்து தெரிந்துகொள்ள விடாமல் நீங்களே முதலில் பிரதேச செயலகத்தில் விசாரித்து வைத்திருங்கள்.

கடனும் பிரமிட்டும்

இந்தப் பாடத்தால் ஒரு பிள்ளைக்கும் கெடுதல் வரக் கூடாது. மலையகத்தில் நுண்கடன் குழுக்களில் மாட்டி வாரத் தவணைக்கு ஓடிய பெண்கள் பலர். அவர்களில் சிலரின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். எனவே கடன் இல்லை, நகை அடகு இல்லை, வீட்டுச் சேமிப்பு இல்லை என்ற மூன்றையும் முதல் நாள் சொல்லி, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் திரும்பச் சொல்லுங்கள்.

இன்னொரு ஆபத்து தானாகவே கம்பஸுக்குள் வரும். முயற்சியாண்மை என்ற பெயரில், நல்ல உடுப்புப் போட்ட ஒரு சீனியர், ஹோட்டல் ஒன்றில் கூட்டம், சேரும்போது ஒரு தொகை, இருவரைச் சேர்த்தால் கமிஷன். பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் தடை. நடத்துவது மட்டுமில்லை, ஆள் சேர்ப்பதும் குற்றம். மத்திய வங்கி இப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டு எச்சரித்திருக்கிறது. அந்தப் பட்டியலை வகுப்பில் திறந்து காட்டுங்கள். ஒரு முழு வகுப்பை இதற்கு எடுத்து, எட்டாம் வாரத்தில் கற்ற கணக்கு முறையாலேயே திட்டத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். வெளியில் உள்ள வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வருகிறது, புதிதாகச் சேருகிறவரிடமிருந்து எவ்வளவு வருகிறது? பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப் பழகிய மாணவர் மேடைப் பேச்சுக்கு மயங்க மாட்டார். ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர் வகுப்பில் இருக்கலாம். அவமானப்படுத்தாமல் தனியாகப் பேசுங்கள்.

விருந்தினரும் புள்ளியும்

கொழும்பிலிருந்து பெரிய முதலாளியை அழைத்தால் மாணவர்கள் கைதட்டுவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். ஹட்டனில் தையல் கடை தொடங்கி நான்கு பேருக்கு வேலை கொடுக்கும் அக்காவையோ, ஹாலி எலவில் மரக்கறி நாற்று விற்கும் ஐயாவையோ அழைத்தால் கேள்வி கேட்பார்கள். பஸ் காசும் அன்றைய வருமானமும் துறையால் கொடுக்க ஒழுங்கு செய்யுங்கள். பேராசிரியருக்குக் கொடுக்கும் அதே அறிமுகம், அதே கதிரை. மேடைப் பேச்சு வேண்டாம். அவரோடு மாணவர் இருவர் உட்கார்ந்து தமிழிலோ சிங்களத்திலோ கேள்வி கேட்கட்டும்.

புள்ளி விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும்: இலாபத்துக்குப் புள்ளி இல்லை. போட்டால் பணம் உள்ள வீட்டுப் பிள்ளை சொந்தக்காரருக்கு விற்றுக்கொண்டு வந்துவிடும். நான் விரும்பும் பங்கீடு, குறிப்புக் கொப்பிக்கு 40, கணக்குக்கு 20, குழு வேலைக்கு 20, கடைசிப் பேச்சுக்கு 20. கொப்பியில் நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான்: வாடிக்கையாளர் சொன்ன எது இவர்களின் எந்த முடிவை மாற்றியது? திகதியோடு மூன்று இடத்தில் அதைக் காட்டும் குழு பாடத்தைக் கற்றுவிட்டது. வணிகத் திட்டத்தைப் பீடம் கட்டாயமாகக் கேட்டால் பதின்மூன்றாம் வாரத்தில் எழுதவையுங்கள். அப்போது அதிலுள்ள எண்கள் அவர்கள் கையால் தொட்டவையாக இருக்கும்.

அரையாண்டு முடிந்த பிறகு

அறுபது பேரில் எல்லோரும் தொழில் தொடங்கப்போவதில்லை. தொடங்க வேண்டும் என்று நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம். ஆசிரியராகப் போகிறவருக்கும் இந்தப் பயிற்சி பயன்படும். தொடர விரும்பும் ஒன்றிரண்டு குழுவைப் பல்கலைக்கழக வணிக இணைப்பு அலகுக்கு அழைத்துப்போய் நீங்களே அறிமுகம் செய்யுங்கள். கடிதம் கொடுத்து அனுப்பினால் கூச்சத்தில் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு முறை அவர்களின் கணக்குக் கொப்பியைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மற்ற எல்லாக் குழுக்களிடமும், போவதற்கு முன் அடுத்த பேட்சுக்கு இரண்டு பக்கம் எழுதி வாங்கி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். விற்றவற்றை மட்டுமல்ல, விற்காமல் போனவற்றையும் எழுத வேண்டும். எந்தக் கடை, எந்த மாதம், என்ன விலை, ஏன் நின்றது என்ற நான்கும் இருந்தால் போதும். கடைக்காரரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவரிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே எழுத வேண்டும். அடுத்த அரையாண்டின் முதல் வாரத்தில், 500 ரூபாவைக் கொடுப்பதற்கு முன், அந்தக் கோப்பைப் புதிய மாணவர்களின் கையில் கொடுத்து வாசிக்க விடுங்கள்.